இரவெல்லாம் சாறு, பகலெல்லாம் வெயில்: வௌவால் தண்ணீரை எப்படிச் சமாளிக்கிறது?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. உங்கள் ஊர் ஆலமரத்துப் பழந்தின்னி வௌவால்கள் இரவு முழுக்கச் சாறாகவே குடித்துவிட்டு, பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெயிலில் தொங்குகின்றனவே, அவற்றின் சிறுநீரகம் அதை எப்படித் தாங்குகிறது என்பது ஒன்று. வௌவால் வாயாலேயே கழிக்கும் என்று உங்கள் பாட்டி சொன்னது உண்மையா என்பது இன்னொன்று. கோடையில் மரத்தடியில் தொட்டி கட்டித் தண்ணீர் ஊற்றினால் அவற்றுக்கு உதவுமா என்பது மூன்றாவது.

பாட்டி சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். தின்ற வாயாலேயே கழிக்கும் என்ற பேச்சு பல ஊர்களில் உண்டு. அது சரியில்லை. ஆனால் பார்க்காமல் சொன்ன பேச்சும் இல்லை. பழந்தின்னி வௌவால் பழத்தைக் கடித்து மென்று, நாக்கால் மேலண்ணத்தோடு அழுத்திப் பிழிந்து, சாற்றை மட்டும் விழுங்கும். சக்கையைத் துப்பிவிடும். விடியற்காலையில் ஓர் அத்திமரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். விரல் நுனி அளவில் சப்பையான உருண்டைகள் கிடக்கும், சிலவற்றில் அண்ணத்தின் வரிகள்கூட அச்சாகப் பதிந்திருக்கும். குச்சியால் பிரித்துப் பார்த்தால் உள்ளே நார் மட்டும்தான் இருக்கும். கரும்பு மெஷினில் மூன்று தரம் விட்டு எடுத்த சக்கை மாதிரி. இப்படி வாயிலிருந்து விழுவதைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உண்மையில் சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால், பெரிய பழந்தின்னி வௌவால் தலைகீழாக இருந்தபடி கழிப்பதில்லை. சிறகின் மணிக்கட்டு மடிப்பில் இருக்கும் கட்டைவிரல் நகத்தால் கிளையைப் பற்றிக்கொண்டு, கால்களை விட்டுவிட்டு, தலை மேலே வரும்படி தொங்கும். கழித்துவிட்டு உடம்பை ஒரு உதறு உதறி, மறுபடி கால்களால் பிடித்துத் தலைகீழாகிவிடும். சில நொடிகளில் முடிந்துவிடுகிற காரியம். பகலில் ஆலமரத்தை அரைமணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் கட்டாயம் கண்ணில் படும். தலைகீழாக இருக்கும்போது சிறுநீரகத்திலிருந்து பைக்கு நீர் எப்படி இறங்கும் என்று சிலர் கேட்பதுண்டு. நாம் படுத்துத் தூங்கும்போது இறங்குவது போலத்தான். சிறுநீர்க் குழாயின் தசை சுருங்கிச் சுருங்கித் தள்ளுகிறது. புவியீர்ப்பை நம்பி அது இல்லை.

இனி முக்கியமான கேள்வி. அதற்குச் சிறுநீரகம் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். சிறுநீரகம் கழிவை மட்டும் தேடிப் பிடித்து வெளியே எடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது முதலில் ரத்தத்தின் நீர்ப்பகுதியை மொத்தமாக வடிகட்டிக் குழாய்களுக்குள் விட்டுவிடும். பிறகு உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மனிதனில் ஒரு நாளைக்கு இப்படி வடிவது சுமார் 180 லிட்டர். வெளியே போவது ஒன்றரை லிட்டர்தான். மிச்சம் முழுவதும் மீட்கப்பட்டது. ஆகவே தண்ணீரை வெளியேற்றவும் சேமிக்கவும் இரண்டு பிடிகள் உண்டு. எவ்வளவு வடிகட்டுவது என்பது ஒரு பிடி. வடிந்ததில் எவ்வளவு திரும்ப எடுப்பது என்பது இன்னொன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

சிறுநீரகத்தை நடுவாக அறுத்தால் வெளிப்புறம் புறணி, உட்புறம் அகணி என்று இரண்டு பகுதிகள் தெரியும். பள்ளிப் புத்தகத்தில் கார்டெக்ஸ், மெடுல்லா என்று படித்திருப்பீர்கள். வடிகட்டும் முடிச்சுகள் புறணியில் இருக்கின்றன. ஹென்லே வளைவு என்ற நீண்ட கொண்டை ஊசி போன்ற குழாய் அகணிக்குள் இறங்கி மறுபடி ஏறுகிறது. அகணி ஆழமாக ஆக, அதில் உப்பும் யூரியாவும் செறிந்துகொண்டே போகும். சிறுநீர் கடைசியாக அந்தச் செறிந்த பகுதியைக் கடந்து போகும்போது, அதிலுள்ள தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டு ரத்தத்துக்குத் திரும்புகிறது. வளைவு நீளமாக, அகணி தடிமனாக இருந்தால் சிறுநீரை அதிகம் செறிவாக்கலாம். குட்டையாக இருந்தால் முடியாது. நம் ரத்தத்தின் செறிவு சுமார் 300 மில்லிஆஸ்மோல் (நீரில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லும் அலகு). நாம் எவ்வளவு தாகத்தில் இருந்தாலும் சிறுநீரைச் சுமார் 1,200 வரைதான் செறிவாக்க முடியும்.

மழைக்காட்டில் வாழும் விலங்குக்குச் சாதாரணச் சிறுநீரகம், பாலைவன விலங்குக்குக் கெட்டிக்காரச் சிறுநீரகம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். வெப்பமண்டல வௌவால்களிடம் அந்தக் கணக்கு உடைந்துபோகிறது. ஒரே காட்டில், ஒரே மழையில், ஒரே குகையில்கூடத் தொங்கும் இரண்டு வௌவால்களின் சிறுநீரகங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதன் சாப்பாட்டை. ஊரின் மழையளவு அதற்கு அடுத்தபடிதான்.

இதை நான் முதலில் நம்பியது ஒரு கல்லூரி ஆய்வகத்தில். மின்கம்பியில் அடிபட்டு விழுந்த ஒரு பழந்தின்னி வௌவாலின் சிறுநீரகத்தையும், பூச்சி தின்னும் ஒரு சிறு வௌவாலின் சிறுநீரகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் தட்டில் வைத்திருந்தோம். முதலாவது பெரிய மொச்சைக்கொட்டை அளவு, இரண்டாவது ஒரு பயறு அளவு. பிளேடால் நீளவாக்கில் பிளந்து லென்ஸின் அடியில் வைத்தோம். பெரியதில் புறணி அகலமாக, கருஞ்சிவப்பாகப் பரந்திருந்தது. அகணி அதன் உள்ளே குட்டையாக, அடக்கமாக இருந்தது. சின்னதில் நேர்மாறு. வெளிறிய அகணி கூம்பாக நீண்டு, நுனி சிறுநீர்க்குழாயின் வாய்க்குள்ளேயே நீட்டிக்கொண்டிருந்தது. அளவில் சின்னதுதான் பலசாலி என்பது பார்த்த உடனே தெரிந்தது. இரண்டும் ஒரே ஊரில், ஒரே காற்றைச் சுவாசித்தவை.

சாப்பாடுதான் முதல் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சாட்சி ரத்தம் குடிக்கும் வௌவால். இது நம் நாட்டில் கிடையாது. மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை வாழும் டெஸ்மோடஸ் அது. நம் கோயில் மண்டபங்களில் தொங்கும் பெரிய காதுள்ள வௌவாலை ரத்தம் குடிக்கும் இனம் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவளையும் சுண்டெலியும் பூச்சியும் பிடித்துத் தின்னும் பிராணி. யார் ரத்தத்தையும் குடிப்பதில்லை.

டெஸ்மோடஸ் முப்பது, முப்பத்தைந்து கிராம் எடை இருக்கும். தூங்கும் மாட்டின் தோலில் சின்னக் கீறல் போட்டு, வழியும் ரத்தத்தை நக்குகிறது. ஒரே வேளையில் தன் எடையில் பாதிக்கும் மேல் குடித்துவிடும். அறுபது கிலோ ஆள் ஒருவர் முப்பது லிட்டருக்கு மேல் குடித்துவிட்டு எழுந்து ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஓடக்கூட இல்லை, தரையிலிருந்து பறக்க வேண்டும். ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அந்தச் சுமையோடு எழும்ப முடியாது. ஆகவே அது மாட்டின் மேல் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கும்போதே சிறுநீர் கழிக்கத் தொடங்கிவிடுகிறது. நீண்ட பை போன்ற அதன் வயிற்றைச் சுற்றி ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. அங்கேயே தண்ணீர் உறிஞ்சப்பட்டு, சில நிமிடங்களில் சிறுநீரகம் வழியாக வெளியே போய்விடும். அந்த நேரத்தில் வரும் சிறுநீர் பெருமளவு வெறும் தண்ணீர்.

இதுவரை சொன்னது பாதிக் கதைதான். குகைக்குத் திரும்பித் தொங்கும்போது அதன் வயிற்றில் மிஞ்சியிருப்பது கெட்டியான புரதம். கொழுப்பும் மாவும் ரத்தத்தில் மிகக் குறைவு. புரதம் எரிந்தால் நைட்ரஜன் மிஞ்சும், அது யூரியாவாக மாறும். அதை வெளியேற்றத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரைத்தான் இரண்டு மணி நேரத்துக்கு முன் மாட்டின் முதுகில் கொட்டிவிட்டு வந்தது. இப்போது அதே சிறுநீரகம் தலைகீழாக மாறிவிடும். சொட்டுச் சொட்டாக, மிகச் செறிந்த சிறுநீரை வெளியிடத் தொடங்கும். செறிவு 4,000 மில்லிஆஸ்மோலைத் தாண்டும். நம்மால் முடிந்ததைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஒட்டகத்தைவிட அதிகம். கொட்டும் மழைக்காட்டில் வாழும் பிராணிக்குப் பாலைவன எலிக்குரிய சிறுநீரகம்! மெக்ஃபார்லண்ட், விம்சட் என்ற ஆய்வாளர்கள் 1969-ல் இதை அளந்து வெளியிட்டார்கள். சுற்றிலும் தண்ணீர் நிறைந்த இடத்தில் வாழும் உயிருக்கு ஏன் இந்த ஏற்பாடு என்று கேட்டால், சாப்பாட்டைத் தவிர வேறு பதில் கிடையாது.

இதற்கு நேர் எதிர்முனையில் தேன் குடிக்கும் வௌவால்கள் இருக்கின்றன. மத்திய, தென் அமெரிக்காவில் வாழும் குளோசோஃபாகா சுமார் பத்து கிராம் எடைதான். பூவுக்கு முன்னால் தேன்சிட்டு மாதிரி நின்று பறந்துகொண்டே நீண்ட நாக்கால் தேனை வழித்துக் குடிக்கும். பூந்தேன் என்பது சர்க்கரைத் தண்ணீர். தேவையான சர்க்கரை கிடைக்க வேண்டுமென்றால் ஒரே இரவில் தன் எடைக்கும் மேலாகக் குடித்தாக வேண்டும். அத்தனை தண்ணீரும் உள்ளே போகிறது. குடல் அதைத் தடுத்து நிறுத்தாமல் முழுக்க உறிஞ்சிக்கொள்கிறது. சிறுநீரகத்தின் தலையில்தான் மொத்தப் பாரமும் விழுகிறது.

2008-ல் இதைப் பற்றி ஓர் அருமையான ஆய்வு வந்தது. நான் மேலே இரண்டு பிடிகள் என்று சொன்னேன் அல்லவா, குளோசோஃபாகா இரவில் ஒரு பிடியையும் பகலில் மற்றொன்றையும் பயன்படுத்துகிறது. இரவில் எவ்வளவு குடித்தாலும் வடிகட்டும் வேகத்தை அது மாற்றுவதில்லை. வடிந்ததில் திரும்ப உறிஞ்சும் அளவைக் குறைத்துக்கொண்டு, மிச்சத்தை அப்படியே வெளியே விட்டுவிடுகிறது. சிறுநீர் 31 மில்லிஆஸ்மோல் வரை நீர்த்துப்போகும், ஏறக்குறைய குடிநீர் மாதிரி. விடிந்ததும் நிலைமை மாறும். அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு துளி கிடைக்காது. இதனிடம் செறிவாக்கும் திறமையும் இல்லை. உப்பு கொடுத்துச் சோதித்தபோதும் சிறுநீர் 578 மில்லிஆஸ்மோலைத்தான் எட்டியது, ரத்தத்தைப்போல இரண்டு மடங்குகூட இல்லை. அப்படியானால் பகலில் தண்ணீரை எப்படிக் காப்பாற்றுகிறது? வடிகட்டுவதையே நிறுத்தும் அளவுக்குக் குறைத்துவிடுகிறது. பகலில் அதன் வடிகட்டும் வேகம் மணிக்கு 0.37 மில்லிலிட்டர். உண்ட நேரத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 90 சதவீதம் குறைவு.

இந்த எண்ணை நான் முதலில் படித்தபோது சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். என் குடும்பத்தில் ஒருவருக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த காலம் அது. மனிதனில் இந்த வடிகட்டும் வேகம் சாதாரணமாக நிமிடத்துக்கு 120 மில்லிலிட்டர் அளவில் இருக்கும். அது 15-க்குக் கீழே போனால் சிறுநீரகம் செயலிழந்த கடைசிக் கட்டம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். பத்து கிராம் எடையுள்ள ஒரு பிராணி தினமும் காலையில் அந்த நிலைக்குள் இறங்கி, தினமும் மாலையில் ஒன்றுமே நடக்காததுபோல் வெளியே வருகிறது. அதற்கு இது நோயில்லை, பகல் நேர ஓய்வு. பூந்தேனில் புரதம் மிகக் குறைவு, அதனால் யூரியாவும் குறைவு, கடையை மூடினாலும் உள்ளே குப்பை அதிகம் சேராது. ரத்தம் குடிக்கும் வௌவாலால் இப்படி மூட முடியாது. அதன் உடம்பில் யூரியா சேர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு வௌவால்களும் அமெரிக்க இலைமூக்கு வௌவால்கள் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூச்சி தின்ற ஒரு மூதாதையிலிருந்து பழம், தேன், ரத்தம் என்று கிளைகள் பிரிந்தபோது, பழம், தேன் பக்கம் போனவற்றில் அகணி சுருங்கியது, ரத்தத்தின் பக்கம் போனதில் அது பலமாகவே நின்றது.

இனி உங்கள் ஆலமரத்துக்கு வருவோம். நம் பழந்தின்னி வௌவால்கள் அந்த அமெரிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவை இல்லை. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பக்கத்துத் தனிக் குடும்பம். ஆனாலும் பழமே சாப்பாடு என்று ஆனதும் சிறுநீரகம் அதே மாதிரி மாறிவிட்டது. அகலப் புறணி, குட்டை அகணி. தொடர்பில்லாத இரண்டு வம்சங்கள் ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 2024 தொடக்கத்தில் ஜமைக்கா பழ வௌவாலின் சிறுநீரகத்தையும், பூச்சி தின்னும் ஓர் அமெரிக்க வௌவாலின் சிறுநீரகத்தையும் செல் செல்லாகப் பிரித்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு வெளியானது. பழ வௌவாலில் ஹென்லே வளைவுக்குரிய செல்கள் குறைவு, கடைசிக் கட்டத்தில் உப்பையும் நீரையும் சரிபார்க்கும் சேகரிப்பு நாளத்தின் செல்கள் அதிகம். லென்ஸின் அடியில் நாங்கள் கண்ணால் பார்த்த வித்தியாசத்துக்கு இன்னும் ஆழமான படம் அது.

சேகரிப்பு நாளம் பெரிதாவதற்கு ஒரு காரணம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. பழத்தில் தண்ணீர் மட்டும் அதிகம் இல்லை, பொட்டாசியமும் அதிகம். சோடியம் மிகக் குறைவு. இரவு முழுக்கத் தண்ணீரைக் கொட்டும்போது அதோடு சேர்ந்து சோடியமும் போய்விட்டால் வௌவால் பிழைக்காது. ஆகவே தண்ணீரை விட்டுவிட வேண்டும், பொட்டாசியத்தை விட்டுவிட வேண்டும், சோடியத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். செறிவாக்கும் திறமை குறைந்த சிறுநீரகத்தை மட்டமான சிறுநீரகம் என்று நான் சொல்லாததற்கு இதுதான் காரணம். அது வேறொரு நுட்பமான வேலையைச் செய்கிறது. பெரு, ஈக்வடார் நாடுகளின் அமேசான் காடுகளில் பழ வௌவால்கள், அதிலும் கர்ப்பமாகவோ பாலூட்டிக்கொண்டோ இருக்கும் பெண் வௌவால்கள், தாதுக்கள் நிறைந்த சேற்றுக் குழிகளுக்குக் கூட்டமாக வந்து கலங்கல் தண்ணீரைக் குடிக்கின்றன. நம் ஊர் குட்டைமூக்குப் பழ வௌவால் இலைகளையும் மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்புகிறது. பழத்தில் கிடைக்காத தாதுக்களும் புரதமும் அதில் கிடைக்கின்றன.

பூச்சி தின்னும் வௌவால்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூச்சியின் உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான், ஆனால் மிச்சத்தில் பெரும்பங்கு புரதம். எனவே யூரியா அதிகம், எனவே நீண்ட அகணி. இவற்றில் மட்டும் வறண்ட பகுதி இனங்கள் ஈரமான பகுதி இனங்களைவிட ஒரு படி மேலே போகின்றன. சாப்பாடு ஒன்றாக இருக்கும்போதுதான் ஊரின் வறட்சி கணக்கில் சேர்கிறது. வலையில் பிடித்த வௌவாலைத் துணிப்பையில் போட்டுச் சற்று நேரம் வைத்தால் அது சிறுநீர் கழிக்கும். மெல்லிய கண்ணாடிக் குழாயால் அதை உறிஞ்சி எடுப்போம். பூச்சித்தின்னியுடையது அடர்மஞ்சள், காரமான நெடி, பையில் காய்ந்தால் கறை விட்டுவிடும். பழந்தின்னியுடையது பெரும்பாலும் தண்ணீர் போல, ஒளியில் பிடித்தால் நிறமே தெரியாது. கருவி இல்லாமலே எது யாருடையது என்று சொல்லிவிடலாம். கலிஃபோர்னியா வளைகுடாவில் மீன் பிடித்து வாழும் ஒரு வௌவால் இந்தத் திறமையைக் கடல்நீரையே சமாளிக்கும் அளவுக்குக் கொண்டுபோயிருக்கிறது.

இவ்வளவும் சிறுநீர் வழியாகப் போகும் தண்ணீரின் கணக்கு. வௌவாலுக்கு அதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அதன் உடற்பரப்பில் பெரும்பகுதி ரோமமற்ற மெல்லிய சிறகுத்தோல். பறக்கும்போது மூச்சும் பல மடங்கு வேகமாகிறது. இரண்டின் வழியாகவும் நீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். குகை, பாறை இடுக்கு, கோயில் கருவறை ஒட்டிய இருட்டு என்று ஈரம் தங்கும் இடங்களை வௌவால்கள் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். குட்டைமூக்குப் பழ வௌவாலின் ஆண், பனையோலையையோ நெட்டிலிங்கத்தின் தொங்கும் கிளைகளையோ பல நாள் கடித்து மடக்கிக் கூடாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பெண்களை அழைக்கத்தான் அதைக் கட்டுகிறது. ஆனால் உள்ளே நிழலும் ஈரமும் சேர்ந்தே கிடைக்கின்றன.

பெரிய பழந்தின்னி வௌவால் இந்த வசதி எதுவும் இல்லாமல் திறந்த மரத்தில் தொங்குகிறது. ஒரு கிலோவைத் தாண்டும் உடம்பு, கருத்த சிறகு, மேலே சித்திரை வெயில். வியர்த்துக் குளிர அதற்கு வழியில்லை. முதலில் சிறகால் விசிறிக்கொள்ளும். வெயில் ஏறினால் நிழல் பக்கமாக நகரும். பிறகு வாயைத் திறந்து இரைக்கும். கடைசியில் எச்சிலை உடம்பெங்கும் சிறகெங்கும் நக்கிப் பூசிக்கொள்ளும். இதில் கடைசி இரண்டு படிகளும் தண்ணீரைச் செலவழித்துக் குளிர்ச்சி வாங்குவது. ரத்தம் குடிக்கும் வௌவால் போல, பூச்சித்தின்னி போல, சிறுநீரிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுத்து ஈடுகட்டும் அகணி இதனிடம் இல்லை. பழத்தை நம்பிய சிறுநீரகத்துக்கு ஆபத்து வரும் இடம் இதுதான். ஆஸ்திரேலியாவில் இதன் உறவினங்களுக்கு அந்த ஆபத்து நேர்ந்ததைப் பார்த்திருக்கிறார்கள். 2002 ஜனவரியில் நியூ சவுத் வேல்ஸில் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டிய ஒரே நாளில் 3,500-க்கும் மேற்பட்டவை மரத்திலிருந்து விழுந்து இறந்தன. அவற்றில் குட்டிகள் நிறைய. 2018 நவம்பரில் கெய்ர்ன்ஸ் பகுதியில் கண்ணாடி வளையம் போட்ட முகமுள்ள ஓர் இனத்தில் சுமார் 23,000 இறந்தன. 42 டிகிரி என்பது தமிழ்நாட்டு மே மாதத்துக்குப் புதிய எண் இல்லை.

அதனால்தான் உங்கள் மூன்றாவது கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. தொட்டி வைத்தால் அணிலுக்கும் மைனாவுக்கும் உதவும், தாராளமாக வையுங்கள். வௌவாலுக்கு உதவாது. அது தரையில் இறங்கி நின்று குடிப்பதில்லை. பறந்தபடியே நீர்ப்பரப்பில் வயிற்றை உரசி, ரோமத்தை நனைத்துக்கொண்டு, மரத்துக்குத் திரும்பி அந்த ஈரத்தை நக்கிக் குடிக்கும். நான்கு அடிச் சிறகை விரித்துத் தாழ்ந்து வந்து மறுபடி மேலேற அதற்கு நீளமான, தடையில்லாத நீர்ப்பரப்பு வேண்டும். கண்மாயோ ஊருணியோ கோயில் தெப்பமோ சரியாக இருக்கும். உங்கள் மரத்திலிருந்து அரை மைலுக்குள் கண்மாய் இருந்தால், பங்குனியிலும் சித்திரையிலும் மாலை ஆறரை மணிக்குக் கரையில் போய் உட்காருங்கள். கூட்டம் கிளம்பும்போது முதலில் சில அந்தப் பக்கம் திரும்பும். தண்ணீரில் ஒரு கோடு விழும், சத்தம் மிகக் குறைவு, அடுத்த நொடி மேலே போய்விடும். கண்மாயில் சீமைக் கருவேலம் மண்டி நீர்ப்பரப்பு துண்டு துண்டாகிவிட்டாலோ, நீருக்கு மேல் மின்கம்பி குறுக்கே போனாலோ அவற்றால் இறங்க முடியாது. ஊரில் பேசி அதைச் சரிசெய்ய முடிந்தால் பத்துத் தொட்டிக்குச் சமம்.

மரத்தைச் சுற்றி என்ன செய்யலாம் என்றால், அதன் கீழேயும் பக்கத்திலும் இருக்கும் சிறு மரங்களை வெட்டாமல் விடுங்கள். வெயில் உச்சியில் வௌவால்கள் இறங்கி வர நிழல் அதுதான். பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை அவற்றைக் கலைக்காதீர்கள். வெடி போட்டாலோ கல் எறிந்தாலோ மொத்தக் கூட்டமும் எழுந்து வட்டமடிக்கும். அந்த ஒரு வட்டத்தில் போகும் தண்ணீரை மாலை வரை ஈடுகட்ட முடியாது. பம்பு வைத்து மரத்தில் தண்ணீர் அடிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கிட்டே போய் அடித்தால் பயந்து பறக்கும், நன்மையைவிடக் கெடுதல் அதிகம்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நிபா வைரஸ் இந்த வௌவால்களின் சிறுநீரிலும் எச்சிலிலும் வெளிவரக்கூடும். மலேசியாவின் தியோமன் தீவில், வௌவால்கள் தங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு விரித்துச் சேகரித்த சிறுநீரிலிருந்து அந்த வைரஸைப் பிரித்தெடுத்து 2002-ல் வெளியிட்டார்கள். வங்கதேசத்தில் ஈச்சம் பதநீர்ப் பானையில் வௌவால்கள் நக்கியும் சிறுநீர் கழித்தும் போவதால் மனிதர்களுக்குத் தொற்றியது. இதைச் சொல்லி மரத்தை வெட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை ஏற்காதீர்கள், விரட்டப்படும் கூட்டம் வேறு ஊருக்குச் சிதறும், அவ்வளவுதான். வௌவால் கடித்த பழத்தைத் தின்னாமலும், மரத்தடியில் உணவோ குடிநீரோ திறந்து வைக்காமலும் இருந்தால் போதும். ஆஸ்துமாவுக்கு மருந்து என்று யாராவது வௌவால் கறி கேட்டு வந்தால் அனுப்பிவிடுங்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை, அறுப்பவருக்குத்தான் ஆபத்து.

வெயிலில் மயங்கி விழுந்த வௌவாலைக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றவும் முயலாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நாய்கள் அண்டாமல் பார்த்துக்கொண்டு, ஒரு சாக்கை நனைத்து நிழல் விழும்படி பக்கத்தில் தொங்கவிடுங்கள், வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். குட்டி தாயின் மார்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதைத் தள்ளி நின்றே பார்த்து, அதையும் அவர்களிடம் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.